அணைக்கக் கூடாத பொட்டி

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆயுத பூஜை அன்று காலை எங்கள் மெல்லிசைக் குழுவின் ஒத்திகைக்காக சாம்ப்ளரை இயக்கி, மறுநாள் கச்சேரிக்கு வேண்டிய சத்தங்களையெல்லாம் ஃபிளாப்பிகளிலிருந்து அதில் ஏற்றினேன். ஒத்திகை முடிந்தும் அணைக்கவில்லை. மாலையில் இன்னொரு முறை பார்க்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

2. நான் குளிக்கப் போயிருந்தபோது அம்மா வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஃபிளாப்பிகளுக்கும் வைத்தாள். ஒவ்வொன்றிலும் பளபளவென்று இருந்த தகட்டின் மேல், சரியாக நடுவில்.

3. பூஜைக்கு மணியடிப்பதை சாம்ப்ளரிலேயே செய்தால் என்ன என்று அப்பாவுக்குத் தோன்றியது. மணிச் சத்தம் இருந்த ஃபிளாப்பியை எடுத்துச் செருகினார்.

4. படிக்கவில்லை. வெளியேயும் வரவில்லை. குறடால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது.

5. அந்த ஒன்றுதான் கெட்டுப்போயிருக்கும் என்று மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார்.

6. நான் தலையில் துண்டோடு மாடிக்கு ஓடி வந்தபோது கடைசி ஃபிளாப்பி உள்ளே கரகரத்துக்கொண்டிருந்தது. குங்குமத் தூள் எல்லா வட்டுகளிலும் வட்டம் வட்டமாகக் கீறியிருந்தது.

7. எந்த ஃபிளாப்பியையும் படிக்க முடியாததால் புதிதாக எதுவும் ஏறவில்லை. பழையது அழியவும் இல்லை. ஆக, எங்கள் குழுவின் சத்தங்கள் எல்லாம் இப்போது ஒரே இடத்தில்தான் இருந்தன: ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கருவியின் நினைவில். அணைத்தால் போய்விடும்.

8. மறுநாள் மாலை நான் பிராட்வேயில் ஓசூர் பஸ் ஏறவேண்டும். திங்கட்கிழமை காலை வேலையில் சேரவேண்டும்.

சாம்ப்ளரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். சாதாரண கீபோர்டில் பியானோ, குழல், கிடார் என்று சத்தங்கள் தொழிற்சாலையிலேயே போட்டு வரும். இதற்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. மைக்கை வைத்து ஒரு சத்தத்தைக் கேட்கவைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையை அமுக்கினாலும் அந்தச் சுருதிக்கு ஏற்றியோ இறக்கியோ திருப்பித் தரும். நாய் குரைத்ததைப் பதிந்துகொண்டால் நாயை ஏழு சுரத்திலும் பாடவைக்கலாம். வந்த முதல் வாரம் அப்பா அதைத்தான் செய்தார். ஆனால் மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு நினைவு. அணைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும், அடுத்த முறை அதிலிருந்து ஏற்ற வேண்டும்.

எங்களுடையது வரும்போதே பழசு. கோடம்பாக்கம் பக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருஷம் உழைத்து, அவர்கள் புதிது வாங்கியதும் கழித்துக் கட்டியது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை ஒன்று உண்டு. அங்கே அதை ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அப்பா அதைப் பொட்டி என்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அது பொட்டிதான்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி வெளியே வந்தவர். நன்றாகப் பாடுவார். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கல்யாண வரவேற்பு, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எதுவானாலும் எங்கள் குழுவைக் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் மேடை கொள்ளாத அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். மூன்று வயலின்காரர்கள்கூட இருந்தார்கள். ராயபுரத்துக்காரர்கள், மாதா கோயிலில் பாடற்குழுவோடு வாசிப்பவர்கள்.

பொட்டி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த மூன்று பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். கோயிலில் பூசை முடிந்து அப்படியே கோட்டோடு வந்தார்கள். அம்மா இட்லியும் வடகறியும் கொடுத்தாள். மாடியில் நான் மைக் வைத்தேன்.

“இன்னா பாட்டு தோஸ்து?” என்று மூத்தவர் அப்பாவைக் கேட்டார்.

“பாட்டெல்லாம் வேணாம்பா. ஒரே ஒரு நோட்டு. மூணு பேரும் சேந்து நீட்டா இழுங்க.”

“ஒரு நோட்டுக்கா கோட்டு போட்டுக்கினு வந்தோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். மதியம் முழுக்க ஒவ்வொரு நோட்டாக இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அப்பா அவர்களைக் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. பொட்டியில் ஒரு விரலை வைத்தால் மூன்று வயலினும் கேட்டது. அவர்களில் மூத்தவரைப் பிறகொரு நாள் அப்பா காசிமேட்டு மீன் அங்காடியில் பார்த்தார்.

“எங்க சத்தம் எப்டி கீது? நல்லா சோறு துன்னுதா?” என்று அவர் கேட்டாராம்.

அப்பா அன்று மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தார். அந்த மூவரும் இனி எங்கள் படி ஏறமாட்டார்கள். இன்னொரு முறை வாசித்துக் கொடுங்கள் என்று அப்பாவால் கேட்கவும் முடியாது. மற்றச் சத்தங்களை எங்காவது தேடிப் பிடிக்கலாம். அந்த வயலின்கள் போனால் போனதுதான்.

பொட்டியை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெண்கள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளமோ முடித்திருந்தேன். பொட்டியில் இரண்டு வரி மட்டும் தெரியும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அந்த இரண்டு வரியில் வரும் சுருக்கெழுத்துகளைப் படித்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும். கற்றுக்கொள் என்று அப்பாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். விளக்கம் பாதியில் இருக்கும்போதே எழுந்துவிடுவார். “அதான் நீ கீறியே,” என்பார். இதைப் பாசமாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் அறையில் காற்று கொஞ்சம் குறைந்தது. கல்லூரித் தோழிகள் ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். நான் கச்சேரி கச்சேரியாக மேடையின் ஓரத்தில், புடவைக்கு மேல் சால்வை போட்டு, ஃபிளாப்பி மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் தொலைபேசி இணைப்பகங்களுக்குப் பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. உத்தரவை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“சேரு. யாரு வேணான்னது? பூசை முடியட்டும்.”

பூஜைக்கு மறுநாள் விஜயதசமி மாலைக்கு ராயபுரத்தில் ஒரு வரவேற்புக் கச்சேரியை ஒப்புக்கொண்டுவிட்டார். நான் அதையும் கணக்கில் சேர்த்துத் திட்டம் போட்டேன். ராயபுரம் மண்டபத்திலிருந்து பிராட்வே பக்கம்தான். சத்தங்களை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். எந்தக் கட்டையில் எந்தச் சத்தம் என்று வண்ணத் தாள் ஒட்டி வைத்திருந்தேன். பையும் கட்டியாயிற்று. இந்தத் திட்டத்தில் சந்தனத்துக்கு இடம் இல்லை.

என்ன ஆயிற்று என்று புரிந்ததும் அம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாத்துக்கும் வச்சேன், இதுக்கும் வச்சேன். தாலிக்கயித்துக்கு வைக்கிற மாறி பாத்து பாத்து வச்சேன்டி.”

நான் அவளைத் திட்டவில்லை. அப்பாவையும் திட்டவில்லை. செய்யவேண்டியதை மனத்தில் வரிசைப்படுத்தினேன். முதல் வேலை, மின்சாரம் போனாலும் பொட்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது, பொட்டியைத் திறந்து, ஃபிளாப்பியைப் படித்து எழுதும் டிரைவின் தலையைத் துடைப்பது. மூன்றாவது, புது ஃபிளாப்பியில் எல்லாவற்றையும் எழுதுவது. மூன்றாவது முடிந்தால் நான் ஊருக்குப் போகலாம்.

பக்கத்துத் தெருவில் டிடிபி சென்டர் வைத்திருந்த அக்காவிடம் யூபிஎஸ் இரவல் கேட்டேன். கடையைப் பாதி மூடி, மானிட்டருக்கு மாலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கம்ப்யூட்டருக்கு இன்னிக்கி லீவுதான். எடுத்துக்கினு போ. பொட்டு வச்சிருக்கேன், அழிச்சுடாத.”

யூபிஎஸ்ஸைத் தூக்கி வந்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. அதில் பொட்டியை மாட்டவேண்டுமானால் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அந்த நொடியிலேயே எல்லாம் போய்விடும். நல்லவேளையாக, பொட்டி நேராகச் சுவரில் இல்லை. ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டியிருந்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு ஒயர் செய்து, யூபிஎஸ்ஸிலிருந்து அந்தப் பெட்டியின் இன்னொரு துளைக்குள் கரண்டைக் கொடுத்து, பிறகு பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கினால் இடையில் அறுபடாது. செய்யவே கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்த வேலை அது. இரண்டு பக்கத்து மின்சாரமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும், பொருந்தாவிட்டால் வெடிக்கும்.

“அம்மா, என் டெஸ்டரும் ஸ்குரூ டிரைவரும் எங்க?”

“பூசையில கீது. தொடாத. நாளிக்கி காலைல சாமி கும்புட்டுட்டு எடுத்துக்கோ.”

“பொட்டியும் பூசையில வச்சதுதானே? அது மட்டும் ஓடலாமா?”

அம்மா நிஜமாகவே யோசித்தாள். “அத்த யாரும் வாசிக்காதீங்க. சும்மா ஓடட்டும். சும்மா ஓடறது வேலை இல்ல.”

தெருவில் யாரிடம் போய்க் கேட்பது? லேத் பட்டறை, சைக்கிள் கடை, எலெக்ட்ரீஷியன் வீடு, எல்லோருடைய ஸ்குரூ டிரைவரும் அன்று சாமி முன்னால்தான் இருந்தது. எங்கள் கிடார்காரர் கிறிஸ்தவர், அவரிடமாவது இருக்கும் என்று நினைத்தேன். அவர் வேலை செய்யும் எண்ணூர்ப் பட்டறையில் அவருடைய பெட்டியையும் சேர்த்துத்தான் பொட்டு வைத்திருந்தார்களாம். அரிவாள்மனைகூட அம்மாவின் பூஜையில் இருந்தது. கடைசியில் ஒயரைப் பல்லால் உரித்தேன், பிளக்கின் திருகை ஒரு ரூபாய்க் காசின் விளிம்பால் முடுக்கினேன். டெஸ்டருக்குப் பதில் அலங்கார விளக்கிலிருந்து கழற்றிய ஒரு குட்டி பல்பு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அதை வைத்தபோது எரியவில்லை. எரியாவிட்டால் பொருந்துகிறது என்று அர்த்தம். மாட்டினேன். சுவரிலிருந்து அப்பா பிடுங்கினார். பொட்டியின் சிவப்பு விளக்கு அப்படியே இருந்தது. அம்மா அதன்மேல் புதுத் துண்டு ஒன்றைப் போர்த்தினாள்.

அதன் பிறகு எனக்கு வேலை எதுவும் இல்லை, ஆனால் நகரவும் முடியாது. மாலையில் வழக்கம்போல் கரண்ட் போனது. யூபிஎஸ் ‘பீப்’ என்றது. சிறிது இடைவெளிவிட்டு மறுபடி ‘பீப்’. துண்டுக்கடியில் சிவப்பு வெளிச்சம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை பகல் வெயிலை இறக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் மணலிப் பக்கத்து ஆலை நெடி, மூடினால் புழுக்கம். கரண்ட் திரும்பி வரும்வரை நானும் அப்பாவும் விசிறிக்கொண்டு அந்தச் சத்தத்தை எண்ணினோம்.

“நீ போயிட்டீன்னா இந்த மாறி நேரத்துல நா இன்னா பண்ணுவேன்?” என்றார். “ஒரு வாரம் தள்ளிக் கேளேன்.”

“தள்ளுனா அடுத்த ஆள கூப்புடுவாங்க நைனா. ஆர்டர்லயே போட்டுகீது.”

“அவன் எல்லாத்தையும்தான் போடுவான்.”

“நாளிக்கி தொடச்சுட்டு எழுதிட்டேன்னா பிரச்சனையே இல்ல.”

“அத்த செய்யி மொதல்ல,” என்றார். அதில் கோபம் இல்லை. நிம்மதிதான் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா கற்பூரம் காட்டி, ஸ்குரூ டிரைவரை என் கையில் எடுத்துக் கொடுத்தாள். பொட்டியின் திருகுகள் எல்லாம் அடிப்பக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சாய்த்து, இரண்டு தலையணையில் நிறுத்தி, அப்பா ஒரு பக்கமும் கிடார்காரர் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, நான் கழற்றினேன். இடது மூலையில் முழு மின்சாரம். அங்கே கை பட்டால் பொட்டியோடு நானும் நின்றுவிடுவேன். அம்மா ஒரு மரப் பலகையைக் கொண்டுவந்து, அதன்மேல் நின்றால்தான் ஆச்சு என்றாள். நின்றேன்.

கேசட் ரெக்கார்டரின் தலையைத் துடைக்க விற்கும் திரவம் ஒரு சின்னப் புட்டி இருந்தது. பஞ்சில் நனைத்து டிரைவின் தலையைத் துடைத்தேன். சந்தனம் மஞ்சளாக வந்தது, குங்குமம் சிவப்பாக வந்தது. பல முறை துடைத்தபின் பஞ்சு வெள்ளையாகவே வெளியே வந்தது. அப்போது டார்ச் வெளிச்சத்தில் மேல் தலையைப் பார்த்தேன். அதைத் தாங்கியிருக்கும் மெல்லிய தகடு கிழிந்து, தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. குறடால் இழுத்தபோது நடந்திருக்க வேண்டும்.

“இன்னா?” என்றார் அப்பா.

“தல ஒடஞ்சிபோச்சி. எழுத முடியாது. வேற டிரைவு வேணும்.”

“கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்து போடு.”

“அது இதுக்குச் சேராது நைனா. பழைய மாடலு. தேடணும்.”

அப்பாவுக்குக் குறடு ஞாபகம் வந்தது, முகத்தில் தெரிந்தது.

வேறு வழியும் பார்த்தேன். வயலின்களைக் கட்டை கட்டையாக வாசித்துக் கேசட்டில் பதிந்தேன். பிறகு அதிலிருந்து மறுபடி பொட்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அப்பா போட்டுக் கேட்டார். கேசட்டின் இரைச்சலும் நடுக்கமும் சேர்ந்து, மேல் சுரங்களில் மூன்று வயலினும் நசுங்கிக் கேட்டன.

“இது கொசு,” என்றார். “அவங்க இல்ல.”

மூடியைத் திரும்ப முடுக்கினேன். பொட்டியை அணைக்காமல் அப்படியே ராயபுரத்துக்கு எடுத்துப் போவது என்று முடிவானது. வேனில் மெத்தையை விரித்து, அதன்மேல் பொட்டி. இரண்டு பக்கமும் அப்பாவும் கிடார்காரரும். என் மடியில் யூபிஎஸ். என் காலடியில் என் பை. நாங்கள் ஏற்றுவதைத் தெருவே நின்று பார்த்தது.

“இன்னாப்பா, பேஷன்டா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஆமா மாமு. குளுக்கோஸ் ஏறிக்கினு கீது. வழி வுடு,” என்றார் கிடார்காரர்.

அம்மா எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பையில் வைத்துவிட்டு, பொட்டியின் துண்டைச் சரிசெய்தாள்.

நேரம் போதுமான அளவு இருந்தது. ஆனால் ஆயுத பூஜைக்காக முதல் நாள் நின்றிருந்த கண்டெய்னர் டிரெய்லர்கள் எல்லாம் அன்று ஒன்றாகத் துறைமுகத்துக்குக் கிளம்பியிருந்தன. முன்பக்கம் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் திருநீறு பூசி, ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. தண்டையார்பேட்டை தாண்டியதும் எங்கள் வேன் அவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னால் இரும்பு, பின்னால் இரும்பு, இரண்டு பக்கமும் வீடு உயரத்துக்கு இரும்பு. வானம் ஒரு கோடாகத் தெரிந்தது. மடியில் யூபிஎஸ் சூடாகி, என் தொடை வேர்த்தது. அது நிதானமாகக் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கரண்ட் போய் வரும் நேரத்தைத் தாண்டியாயிற்று. பிறகு அது வேகமாகக் கத்தத் தொடங்கியது.

“இதுக்கு இன்னா அர்த்தம்?” என்றார் அப்பா.

“பேட்டரி தீருது.”

இறங்கினோம். பொட்டியின் ஒயர் குட்டை. அதனால் அப்பா முன்னால், கிடார்காரர் பின்னால், ஒட்டினாற்போல் யூபிஎஸ்ஸோடு நான், மூன்று பேரும் ஒரே அடியாக எடுத்து வைத்து, டிரெய்லர்களுக்கு நடுவில் நடந்தோம். ஒருவர் வேகமாகப் போனால் ஒயர் பிடுங்கிக்கொள்ளும். பாதை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை திறந்திருந்தது. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கொஞ்சம் கரண்டு,” என்றார் அப்பா.

“இன்னாத்துக்கு?”

“பொட்டிக்கி.”

“பொட்டில இன்னா கீது?”

“மூணு வயலினு.”

கடைக்காரர் பொட்டியைச் சுற்றிப் பார்த்தார். “ஒண்ணத்தையும் காணோமே,” என்றார். ஆனாலும் கம்ப்ரசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தைக் காட்டினார். நான் யூபிஎஸ்ஸை மாட்டினேன். கத்தல் நின்றது.

டிரெய்லர்கள் நகரவில்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: சந்து வழியாக ரயில் நிலையத்துக்குப் போய், பீச் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து பிராட்வேக்கு நடப்பது. அதற்கும் உடனே கிளம்ப வேண்டும். வேனுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தேன். அப்பா பையைப் பார்த்தார்.

“ஹாலுக்கு வந்து ஒரு தபா பாத்துட்டு போ.”

“ஹாலுக்குப் போறவரைக்கும் பஸ்ஸு நிக்காது நைனா.”

“அப்ப இத்த?”

“ரெண்டு வழி கீது. ஒண்ணு, அணைச்சிடு. ரெண்டு, நீயே பாத்துக்க.”

“மூணாவது?”

மூன்றாவது எது என்று இருவருக்கும் தெரியும். நான் பையைத் தோளில் மாட்டினேன். அவர் பொட்டியின் பின்னால் கையைக் கொண்டுபோனார். சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. அவர் கை அதன்மேல் இருந்ததை நான் பார்த்தேன். அணைத்துவிடட்டும் என்று நினைத்தேன். அணைத்துவிடக்கூடாது என்றும் நினைத்தேன். கையை எடுத்துக்கொண்டார்.

“பச்ச வெளக்கு எரிஞ்சா இன்னா, செவப்பு எரிஞ்சா இன்னா? சொல்லு.”

சொன்னேன். எத்தனை முறை கத்தினால் என்ன அர்த்தம், வயலினுக்கு எந்தப் பொத்தான், எதைத் தொடவே கூடாது, எல்லாம் சொன்னேன். பாதியில் எழுந்திருக்கவில்லை. பஞ்சர் கடை டயரின் மேல் உட்கார்ந்து, நான் சொன்னதை அதே வரிசையில் திருப்பிச் சொன்னார். ஓரிடத்தில் தப்பு வந்தது. திருத்தினேன். மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

“சரி, ஜல்தி கெளம்பு,” என்றார். அவர் பார்வை யூபிஎஸ்ஸின் விளக்கில் இருந்தது. நான் சந்தில் திரும்பும்போது பார்த்தேன். அப்போதும் விளக்கில்தான் இருந்தது.

ரயிலில் உட்கார்ந்த பிறகும் என் கைகள் இரண்டும் மடியில் கனமான எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்தே இருந்தன. பஸ் பிடித்தேன். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன்.

அன்றைய கச்சேரி தாமதமாகத் தொடங்கினாலும் நடந்தது என்றும், வயலின்கள் கேட்டன என்றும், பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தபோது அம்மா சொன்னாள். இரவல் யூபிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பா ஓர் இன்வெர்ட்டரும் லாரி பேட்டரியும் வாங்கினார். மாற்றி மாட்டுவதற்கு நான் செய்த அதே ஒயரை அவரே பயன்படுத்தினார். பேட்டரி தாங்கும் தூரத்துக்குள் நடக்கும் கச்சேரிகளை மட்டும் இப்போது ஒப்புக்கொள்கிறார். பொன்னேரிப் பக்கம் போவதில்லை. அரக்கோணத்தில் என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அம்மா தனியாகப் போய் வந்தாள். நான் தங்கியிருக்கும் விடுதியை அப்பா இன்னும் பார்த்ததில்லை.

போன் செய்தால் முதலில் பொட்டியைப் பற்றித்தான் சொல்வார். கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது, பேட்டரியில் தண்ணீர் எவ்வளவு. அதன் பிறகுதான் நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். எனக்கும் தறியில் ஏறின நூல் மாதிரி ஒரு முனை அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு விளக்கு கொஞ்சம் மினுக்கினாலும் திருவொற்றியூரில் என்ன ஆயிற்றோ என்று கை நின்றுவிடுகிறது.

பெங்களூரில் பழைய மின்சாமான் விற்கும் சந்துகளில் அலைந்து, பொட்டிக்குச் சேரும் டிரைவ் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பொங்கலுக்கு எடுத்துப் போனேன். அப்பாவிடம் விளக்கினேன். அணைத்துவிட்டு மாட்டினால் எழுதுவதற்கு உள்ளே எதுவும் இருக்காது. ஓடும்போதே மாற்றலாம். ஆனால் பழைய டிரைவின் ஒயரைப் பிடுங்கும் நொடியில் கருவி உறைந்துவிடலாம். பிழைக்கப் பாதி வாய்ப்புத்தான்.

“பாதின்னா எந்தப் பாதி?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“அப்பால பாத்துக்கலாம்,” என்றார்.

அம்மா கீழே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்றாள். அறுவை சிகிச்சைக்கு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தங்கச் சொல்கிறார்களாம். “பேஜாரா போச்சிடி. நா பாத்துக்கறேன்னா நம்ப மாட்டேங்கறாரு. பொட்டு வச்ச நாந்தான் எல்லாத்துக்கும் காரணம்னு கம்னு கீறாரு,” என்றாள். அன்றிரவு பொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், லீவு போட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். “நீ வேலையப் பாரு,” என்றார்.

இதை எழுதும்போது நிலவரம் இதுதான். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. புது டிரைவ் உறை பிரிக்காமல் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அப்பாவின் கண்ணுக்கு இன்னும் அறுவை சிகிச்சை நடக்கவில்லை. பொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.